இணையம் எட்டாத கணிப்பொறி

இணையம் இல்லாத கணிப்பொறி வெறும் இரும்புப் பெட்டி என்றோர் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றி வருகின்றது. பட்டணத்துக் கடைக்காரர் அவ்வாறு சொல்லுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அவ்வாறே நம்புகிறது. தோட்டத்துப் பெற்றோரோ, படித்தவர்கள் சொல்வது பொய்யாயிருக்குமா என்று தலையசைத்து விடுகின்றனர். இந்த அபிப்பிராயம் பொய் என்பதோடு நில்லாமல் ஏழைகளுக்குக் கேடு விளைப்பதும் ஆகும் என்று நாம் கருதுகின்றோம். எவ்வாறு என்பதை விவரமாகச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தோம்.

நாம் வாழும் ஜுருவைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்தது நமது ஊர். சுங்கச் சாவடியின் விளக்குகளும் ஆட்டோ சிட்டியின் விளக்குகளும் இங்கே இரவைப் பகலாக்குகின்றன. கடலுக்கு அப்பால், தீவின் பாயான் லெப்பாஸில், இன்டெல் கம்பெனியார் 1972-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவுக்கு வெளியே தமது முதல் தொழிற்சாலையைத் திறந்தனர். உலகத்துக் கணிப்பொறிகளின் மூளையில் ஒரு பங்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நமது கண்ணுக்கு எதிரேயே பூட்டிப் பொதியப்பட்டு வருகின்றது. ஆயினும், அதே விளக்குகளிலிருந்து செம்பனை வரிசைகளைக் கடந்து உள்ளே வந்தால், நமது லயன்களுக்கு இணையக் கம்பி வந்த பாடில்லை. கைப்பேசியின் அலையோ வாசற்படியில் நின்றால் கிடைக்கும், அடுப்படிக்குப் போனால் மறைந்துவிடும். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தகப்பனார் வேலை முடிந்து திரும்பும்வரை பிள்ளைகளின் கைக்கு வாராது.

இத்தகைய இடத்திற்குச் சென்ற ஆண்டின் இறுதியில் ஐந்து பழைய கணிப்பொறிகள் வந்து சேர்ந்தன. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தினர். புதிய விண்டோஸ் 11 பழைய பெட்டிகள் பலவற்றில் ஏறாது. ஆகவே, ஊருக்கு ஊர் அலுவலகங்கள் நல்ல நிலையிலிருந்த யந்திரங்களைக் கழிக்கத் தொடங்கின. அவ்விதம் கழிக்கப்பட்டவையே நமக்கு வந்தவை. உள்ளிருந்த கணக்குகளை முற்றிலும் துடைத்துவிட்டுக் கொடுத்திருந்தனர். பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைக் கழுவி, மேசை போட்டு, அவற்றை வரிசையாக வைத்தோம்.

பட்டணத்திலிருந்து ஒரு பழுதுபார்ப்பவரை வரவழைத்தோம். அவர் வந்தார், சுவரைச் சுற்றிப் பார்த்தார், “லைன் எங்கே?” என்றார். இல்லை என்றோம். “லைன் போட்டுக்கொண்டு கூப்பிடுங்கள். அது இல்லாமல் இக்காலத்தில் ஒன்றும் ஏற்ற முடியாது” என்று சொல்லி, வந்து போன கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அன்று மாலை கொட்டகையிலேயே கூட்டம் கூடிற்று. வீட்டுக்கு 5 வெள்ளி வீதம் சேர்ந்திருந்த பணத்தை இணையக் கம்பிக்கு முன்பணமாகக் கட்டலாம் என்றனர் இளைஞர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதிய மண்டோர் ஒருவர் எழுந்தார். “கிராணித் தம்பி, முதல் மாசம் கட்டுவோம். ரெண்டாம் மாசமும் கட்டுவோம். மூணாம் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும். அப்போ யார் கட்டுறது?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். இக்கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை. வருமானம் மழையையும் குலையையும் பார்த்து வரும் குடும்பங்களில், மாதந்தோறும் தவறாமல் கட்டவேண்டிய கடன் என்பது எத்தகையது என்பதைச் சம்பளப் பட்டி எழுதும் நாம் நன்கறிவோம்.

நிற்க. லைன் இல்லாமல் ஒன்றும் ஏற்ற முடியாது என்ற வாக்கியத்தைச் சற்று ஆராய்வோம். மலேசியாவில் ஜாரிங் என்னும் முதல் இணையச் சேவை தோன்றியது 1990-களின் தொடக்கத்திலேதான். அதற்கு முன் இந்நாட்டில் கணிப்பொறிகளே இல்லையா? இருந்தன. நமது முத்து நெடுமாறன் அவர்கள் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985-இல். அக்காலத்தில் மென்பொருள் என்பது 1.44 மெகாபைட்டோ அதனினும் குறைவோ கொண்ட நெகிழ்வட்டில் கையிலிருந்து கைக்கு வந்த பொருள். அதற்கும் முன்னர் நம் பாட்டன்மார் பத்திரிகை படித்த விதத்தை எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பல் பினாங்குத் துறைமுகத்திற்கு வந்தால்தான் ஊர்ச் சேதியும் ஏடும் வரும். வந்த ஓர் ஏட்டைப் பத்துப் பேர் படிப்பர். எழுத்தறியாத இருபது பேர் கேட்பர். தந்திக் கம்பி நம் வீட்டுக்கு வந்த பின்னரே வாசிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே, கம்பியில்லாமல் மென்பொருளை ஏற்றுவது புதுமையன்று, பழைய வழக்கமே. அவ்வழக்கம் கெட்டதற்குக் காரணம் உண்டு. இன்று ஒரு மென்பொருளை வேண்டினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சிறு கோப்பேயாகும். அதனைத் தட்டினால் அது இணையத்திற்குச் சென்று மெய்யான சரக்கைத் தானே இழுத்து வரும். கடையில் அரிசி கேட்டவனிடம் அரிசிக்குப் பதிலாகக் கிடங்கின் முகவரியைக் கொடுத்தது போன்றது இது. முழுச் சரக்கும் அடங்கிய பெரிய கோப்பும் பல மென்பொருள்களுக்கு உண்டு. ஆனால் அது பக்கத்தின் கடைக்கோடியில், தேடுவார்க்கே தெரியும்படி கிடக்கும். இரண்டாவது காரணம் அனுமதி. ஏற்றிய பின்னும், உடையவனிடம் உத்தரவு பெற்று வந்தால்தான் இயங்குவேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-இன் வீட்டுப் பதிப்பு, முதன்முறை தொடங்கும்போதே இணையத்தையும் ஒரு கணக்கையும் கேட்டது; மறு ஆண்டில் அதன் தொழிற்பதிப்பும் அவ்வாறே கேட்கலாயிற்று. பெட்டி நம்முடையது, மின்சாரம் நம்முடையது. திறவுகோல் மட்டும் அயலூரில்.

இந்நிலையில் நாம் டெபியன் என்னும் இயங்குதளத்தைத் தேர்ந்துகொண்டோம். 1993-இல் இயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கி, இன்றுவரை தொண்டர்கள் பலர் கூடி நடத்திவரும் முயற்சி அது. விலை கிடையாது, நகலெடுத்து அயலாருக்குக் கொடுக்கலாம் என்று உரிமச் சீட்டே சொல்லும். நமக்கு முதன்மையாகத் தோன்றியது வேறொன்று. கம்பியில்லாத மனிதரும் உலகில் இருக்கின்றனர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. 2005-இல் வெளியான அதன் 3.1 பதிப்பு 14 குறுவட்டுகளில் அடங்கியது. அப்பதினான்கையும் அஞ்சலில் பெற்றவன் எந்தக் காட்டிலிருந்தாலும் அரசன்தான். உபுண்டு என்னும் அதன் கிளையினரோ 2011 வரை குறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பி வந்தனர். இன்றும் டெபியனை இரு வகையாகப் பெறலாம்: இணையத்தை நம்பிய சிறு வட்டு ஒன்று, இணையம் வேண்டாத பெரிய வட்டு ஒன்று. பட்டர்வொர்த்தில் ஒரு நண்பர் வீட்டில் இரவோடு இரவாகப் பெரியதை இறக்கி, 5 வெள்ளி நிதியில் வாங்கிய விரலியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

இறக்கிய பொருள் பழுதின்றி வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? இவ்விடத்தில் கிராணி வேலை நமக்குக் கைகொடுத்தது. செக்ரோலில் நாள்தோறும் பதிந்த பெயர்களை நெடுக்கே ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் கூட்டுவோம். இரு கூட்டும் ஒத்தால்தான் ஏடு துரையின் மேசைக்குப் போகும். கணிப்பொறிக் கோப்புக்கும் அத்தகைய கூட்டு உண்டு. ஷா-256 என்பது அதன் பெயர். கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட ஒரே வரியாக அது வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுதும் மாறிவிடும். உண்டாக்கியோர் தமது பக்கத்தில் அறிவித்த வரியை ஒரு தாளில் எழுதி வந்து, கொட்டகையில் கணித்த வரியோடு ஒரு சிறுவனும் சிறுமியும் எதிரெதிர் நின்று வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டனர். பெரட்டில் பெயர் கூப்பிடுவது போலவே இருந்தது.

முதல் பெட்டியில் ஏறிற்று. இரண்டாவதில் ஏற மறுத்தது. விசாரித்ததில், அதன் உள்ளேயிருந்த காசு போன்ற சிறு மின்கலம் செத்துப் போயிருந்தது. அதனால் பெட்டி தனக்குள் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியை வைத்துக்கொண்டிருந்தது. கையொப்பமிட்டு வந்த சரக்கைப் பார்த்து, இது இன்னும் பிறவாத தேதியில் கையொப்பமானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது! தேதியைத் திருத்திய உடனே ஒத்துக்கொண்டது. இணையமுள்ள பெட்டி தன் கடிகாரத்தைத் தானே சரி செய்துகொள்ளும். இல்லாத பெட்டிக்கு மனிதன்தான் நாள் சொல்லவேண்டும். ஒரு பெட்டி மட்டும் 32 பிட் வகையைச் சேர்ந்த மிகப் பழையது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 அவ்வகைப் பெட்டிகளில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டதால், அதற்கு மட்டும் முந்திய 12-ஆம் பதிப்பைத் தனியே கொண்டுவர நேர்ந்தது. விரலிகள் பலவும் ஃபேட்32 என்னும் பழைய முறையில் அமைந்தவையாதலால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்க மாட்டா என்பதையும் இவ்வழியில் செல்வோர் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

மெய்யான சங்கடம் அதன்பின் தொடங்கும். பெரிய வட்டில் இல்லாத ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் என் செய்வது? நம் கலியாண வீடுகளில் மாமனை அழைத்தால் மச்சான் இல்லாமல் வரமாட்டார். மச்சானை அழைத்தால் அவர் தங்கைக்கும் பத்திரிகை வைக்கவேண்டும். மென்பொருளும் அவ்வாறே. ஒன்று இயங்க அதற்குத் துணையாக நான்கு. அந்நான்குக்கும் துணையாகப் பதினொன்று. ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினால் இன்னொன்று எங்கே என்று கேட்கும். அதற்காக மறுபடி பட்டர்வொர்த்துக்கு ஓடவேண்டும். கம்பியில்லாதவர் பலர் மனம் சலித்துக் கைவிடும் இடம் இதுவே.

இதற்கு ஓர் அழகிய வழி உண்டு. தோட்டத்துப் பண்டகசாலையிலிருந்து சாமான் வேண்டினால் நாம் இண்டெண்டு எழுதுகின்றோம் அல்லவா? கையிருப்பு இவ்வளவு, தேவை இவ்வளவு என்று எழுதிய சீட்டு மேலே போகும். சாமான் லாரியில் கீழே வரும். இந்தியாவைச் சேர்ந்த ரிதேஷ் ராஜ் சராஃப் என்பவர் இயற்றிய அப்ட்-ஆஃப்லைன் என்னும் கருவி இதனையே செய்கின்றது. கம்பியில்லாப் பெட்டியில் அதனை இயக்கினால், நம்மிடம் உள்ளவற்றைக் கணக்கிட்டு, இன்னும் வேண்டியவற்றைத் துணைகளோடு சேர்த்து ஒரு சிறு சீட்டாக எழுதித் தரும். அச்சீட்டை விரலியில் எடுத்துக்கொண்டு இணையமுள்ள ஓரிடத்திற்குச் சென்றால், அங்கே கருவி சீட்டின்படி சரக்கு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தால் மாமனும் மச்சானும் தங்கையும் ஒரே வண்டியில் வந்து இறங்குவர். இண்டெண்டு எழுதத் தெரிந்த எந்தக் கிராணிக்கும் இது புரியாத வித்தையன்று.

இவ்வழியில்தான் தமிழ் எழுத்துருவையும், தமிழ் 99 விசைப்பலகைக்கு வேண்டியவற்றையும் கொண்டுவந்தோம். மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு சிறுமி முதலில் அமர்ந்து தன் பெயரைத் தமிழில் தட்டினாள். பிறகு தகப்பனார் பெயரை. குலை வெட்டும் அம்மனிதர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலில் சேறு என்று உள்ளே வர மறுத்தார். “வாருங்கள் அண்ணே, தரையைக் கழுவிக்கொள்ளலாம்” என்றோம். வந்து, திரையில் தம் பெயரைப் பார்த்து, “இது சம்பளச் சீட்டுல வர்ற மாதிரி இல்லையே ஐயா” என்றார். சம்பளச் சீட்டில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில், தகப்பனார் பெயர் முன்னும் பின்னுமாகச் சிதைந்து வருவது. அதனை நாமே மாதந்தோறும் அச்சிட்டுக் கொடுக்கின்றோம். நமக்கு உடனே மறுமொழி வரவில்லை.

கம்பியில்லாமை எப்பொழுதும் வறுமையின் அடையாளமும் அன்று. செம்பனை ஆலைகளில் லாரியை எடைபோடும் மேடை உண்டு. குலையோடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை. இடையேயுள்ள வித்தியாசமே குலையின் எடை, அதுவே பணம். நாம் பழகிய ஓர் எடைமேடையின் கணிப்பொறியை வேண்டுமென்றே இணையத்தோடு பிணைக்காமல் வைத்திருக்கின்றனர். அதற்கும் மென்பொருளைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஆயின் இதில் ஓர் எச்சரிக்கை. கம்பியில்லாத பெட்டிக்கு நோய் வாராது என்று நம்பலாகாது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், ஈரான் தேசத்தின் நத்தான்ஸ் அணுக்கூடத்தில் இணையத்தோடு பிணைப்பில்லாத யந்திரங்களைக் கெடுத்தது. அது பரவிய வழிகளில் முக்கியமானது நம் சட்டைப் பையிலுள்ள விரலியைப் போன்ற ஒன்றே. எனவே, கொட்டகைக்கு ஒரு விரலி என்று தனியே ஒதுக்கி, அதில் பாட்டும் படமும் ஏற்றக்கூடாது என்று விதி செய்தோம். இளைஞர்களுக்குக் கோபம்தான். விதி நிற்கின்றது.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் பேசவேண்டும். கம்பியில்லாமல் மென்பொருள் என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவு வருவது இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற திருட்டுக் குறுவட்டுகளே. 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றும் அளவுக்கு இந்நாட்டில் அவ்வியாபாரம் செழித்திருந்தது. ஏழை எப்படியாவது பெற்றுக்கொள்ளட்டுமே என்று அதற்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. நாம் அதனை ஒப்பவில்லை. திருட்டுப் பொருளைக் கற்றவன், பிறகு அதனைப் பிறருக்குக் கற்பிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கற்பிக்கவேண்டும். நகலெடுத்துக் கொடு என்று வாங்கும்போதே சொல்லிவிட்ட பொருளைக் கற்றவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கொட்டகையில் இன்று ஒரு சிறுவன் பக்கத்துத் தோட்டத்து உறவினனுக்கு வட்டை நகலெடுத்துக் கொடுத்தான். பகலில், எல்லோரும் பார்க்கக் கொடுத்தான்.

இதனால் இணையமே வேண்டாம் என்று நாம் உபதேசிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பாடம் முழுவதும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. அலை கிடைக்காத பிள்ளைகள் எத்தனை மாதம் பின்தங்கினர் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அவ்வாண்டு சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வெழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி இரவு முழுவதும் தங்கிய செய்தியை நாடு படித்தது. அப்பெண்ணுக்கு விரலியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் தேர்வு எழுதியிருக்க முடியாது. பாதுகாப்புத் திருத்தங்களும் கம்பியில்லாத பெட்டிக்குத் தாமதமாகவே வந்து சேரும்; மூட்டை கட்டிக் கொண்டுபோவார் இல்லையேல் வாராமலே போகும். ஆகவே கம்பிக்காகக் கேட்கவேண்டிய இடங்களில் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றோம். கேட்டது வரும்வரை பெட்டிகளைத் துணி போட்டு மூடி வைக்கவேண்டும் என்பதைத்தான் மறுக்கின்றோம். கியூபா தேசத்தில் இணையம் அரிதாயிருந்த ஆண்டுகளில், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரு டெராபைட் அளவுக்குச் செய்தியும் மென்பொருளும் படமும் வன்தட்டுகளில் வீடு வீடாகச் சென்றன. வாராந்தரப் பொதி என்றே அதற்குப் பெயர்.

நமது கொட்டகைக்கு வாரந்தோறும் பொதி வருவதில்லை. மாதம் ஒரு முறை வருகின்றது. சென்ற மூட்டையில் கிவிக்ஸ் என்னும் கருவியும் அதனோடு தமிழ் விக்கிப்பீடியாவும் வந்தன. 2017-இலேயே ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டிய அக்களஞ்சியம் இப்பொழுது செம்பனைக்கு நடுவே, கம்பியின்றி, ஓய்வுபெற்ற ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றது. முதிய மண்டோர் அதில் முதலில் தேடச் சொன்னது தாம் பிறந்த மாயவரத்தை. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரயிலடியைப் பற்றி எழுதினவன் ஆற்றைப் பற்றிப் போதுமான அளவு எழுதவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

அடுத்த மாதத்துச் சீட்டை நாம் எழுதவில்லை, அச்சிறுமியே எழுதியிருக்கின்றாள். தட்டச்சுப் பயிற்சிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கான இயக்கி ஒன்று, மூன்றாவதாக ஸ்டெல்லாரியம். வானத்து விண்மீன்களைத் திரையில் காட்டும் மென்பொருள் அது. எதற்கம்மா என்று கேட்டோம். சுங்கச் சாவடி வெளிச்சத்தில் இங்கே ஒன்றும் தெரிவதில்லை என்றாள். அம்மென்பொருளுக்குப் படம் வரையும் திறன் சற்று அதிகம் வேண்டும். ஐந்து பெட்டிகளில் இரண்டில் ஓடும், மூன்றில் ஓடாது என்று அவளிடம் சொல்லியிருக்கின்றோம். எந்த இரண்டு என்று குறித்துக்கொண்டு, அவற்றின்மீது சுண்ணக்கட்டியால் அடையாளமும் போட்டுவிட்டாள். சனிக்கிழமை பட்டர்வொர்த் போகிறோம்.